ஃப்ளூ ஊசி: ‘ஸ்டாக் இல்லை’ என்றால் என்ன செய்வது?

வாசகர் கேள்விகளுக்கு மருத்துவக் குழுவின் பதில்கள்

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஃப்ளூ தடுப்பூசி பற்றித்தான். போடலாமா வேண்டாமா என்று கேட்டவர்கள் குறைவு. எங்கே கிடைக்கும், கிடைத்ததை நம்பிப் போடலாமா என்பதே பலரின் கவலை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டோம்.

ஏறாத மருந்துக்கடை இல்லை. ‘ஸ்டாக் இல்லை, எப்போ வரும்னு தெரியாது’ என்கிறார்கள். நிஜமாகவே இல்லையா, எனக்குக் கேட்கத் தெரியவில்லையா?
– வாசகர், திருச்சி

இரண்டுமே இருக்கலாம். கடையில் பிராண்ட் பெயரை வைத்துத்தான் கம்ப்யூட்டரில் தேடுவார்கள். உங்கள் சீட்டில் ‘இன்ஃப்ளுவாக்’ என்று இருந்து அது தீர்ந்திருந்தால், பக்கத்துத் தட்டிலேயே ‘வாக்சிஃப்ளு’வோ ‘ஃப்ளுவாரிக்ஸோ’ இருந்தாலும் பதில் ‘இல்லை’ என்றுதான் வரும். ஃப்ளூ ஊசியில் பிராண்ட் முக்கியமில்லை. உங்கள் வயதுக்கு அனுமதிக்கப்பட்ட எதுவும் சரி. ‘இன்ஃப்ளுயன்ஸா தடுப்பூசி, எந்த பிராண்டும்’ என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, தேடும் இடம். தெருமுனைக் கடைக்காரர் ஒன்றிரண்டு ஊசிக்கு மேல் வாங்கி வைக்க மாட்டார்; விற்காமல் காலாவதியானால் அவருக்குக் கைநஷ்டம். ஊசியை எப்போதும் கையிருப்பில் வைத்திருப்பவர்கள் குழந்தை மருத்துவர்கள். அதற்கடுத்து நுரையீரல் மருத்துவர்கள், டயாலிசிஸ் மையங்கள், பெரிய மருத்துவமனைகளின் தடுப்பூசிப் பிரிவுகள். குழந்தை மருத்துவரிடம் பெரியவர்கள் போய்க் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். தேவையே இல்லை. 3 வயதுக்கு மேல் எல்லோருக்கும் அதே 0.5 மில்லி ஊசிதான். இப்போது வரும் பல பிராண்டுகளில் 6 மாதக் குழந்தைக்கும் அதே அளவுதான். கடைக்காரரைவிட உங்கள் டாக்டர் நேரடியாக ஸ்டாக்கிஸ்டுக்கு (மொத்த விற்பனையாளருக்கு) போன் செய்தால் காரியம் சீக்கிரம் நடக்கும்.

போனில் ‘இருக்கா?’ என்று மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். எந்த பிராண்ட், எந்த மாதம் காலாவதி, தென் அரைக்கோள ஊசியா வட அரைக்கோள ஊசியா (விளக்கம் கீழே), கரண்ட் போனால் ஃப்ரிட்ஜுக்கு இன்வெர்ட்டர் உண்டா, என் பெயரில் ஒதுக்கி வைப்பீர்களா என்று கேளுங்கள். நான்காவது கேள்விக்குத் தடுமாறும் கடையில் வாங்க வேண்டாம்.

இன்னொரு குழப்பமும் நடக்கிறது. ‘ஹிப்’ என்று ஒரு தடுப்பூசி உண்டு. அதன் முழுப்பெயரிலும் ‘இன்ஃப்ளுயன்ஸே’ என்று வரும். அது குழந்தைகளுக்கு வரும் ஒரு பாக்டீரியா நோய்க்கானது. ஃப்ளூவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ‘இன்ஃப்ளுயன்ஸா ஊசி’ என்று கேட்டு அதைக் கையில் வாங்கி வருபவர்கள் இருக்கிறார்கள். பெட்டியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

டாக்டர் இரண்டே ஊசி எடுத்து வைத்திருப்பதாகச் சொல்கிறார். வீட்டில் நாங்கள் ஐந்து பேர். என் கணவருக்கு 72 வயது, சி.ஓ.பி.டி. மூச்சுத்திணறல். எனக்கு 66, சர்க்கரை. மருமகள் ஏழு மாதக் கர்ப்பிணி. பேரனுக்கு 3 வயது, இதுவரை ஃப்ளூ ஊசி போட்டதில்லை. மகன் ஆரோக்கியமாக இருக்கிறான். யாருக்குப் போடுவது?
– வாசகி, கும்பகோணம்

மருமகளுக்கும் உங்கள் கணவருக்கும்.

மருமகளுக்குப் போடும் ஊசி இரண்டு உயிரைக் காக்கும். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. அதுவரை அதற்கு இருக்கும் முக்கியப் பாதுகாப்பு, வயிற்றில் இருக்கும்போது தாயிடமிருந்து வரும் எதிர்ப்பொருள்தான். கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம். சி.ஓ.பி.டி. உள்ளவருக்கு ஃப்ளூ வந்தால் நேராக ஆக்சிஜன், ஐ.சி.யூ. என்று போகும் வாய்ப்பு அதிகம். அதனால் அவரும் காத்திருக்கக் கூடாது.

ஆனால் டாக்டரிடம் பணம் கட்டும் முன், மருமகளை உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்கச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வழியாக வருகிறது. தனியார் கடையில் தட்டுப்பாடு என்பதால் அங்கேயும் இருக்காது என்று முடிவு கட்ட வேண்டாம். மருமகளுக்கு அங்கே கிடைத்துவிட்டால் டாக்டர் வைத்திருக்கும் இரண்டாவது ஊசி உங்களுக்கு. 65 வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளி வரிசையில் பின்னால் நிற்க வேண்டியவர் இல்லை.

பேரன் ஐந்து வயதுக்குட்பட்டவன் என்பதால் அவனும் ஆபத்துப் பட்டியலில் உண்டு. ஆனால் முதல் முறை போடும் குழந்தைக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ் வேண்டும். கையில் இரண்டே இருக்கும் நிலையில் அவனை அடுத்த சரக்குக்கு வைத்துக்கொள்ளலாம். மகன் கடைசி. அவர் செய்ய வேண்டியது, இருமலோடு வீட்டுக்கு வந்தால் தனி அறையில் படுப்பதும் அப்பா பக்கத்தில் மாஸ்க் இல்லாமல் உட்காராமல் இருப்பதும்.

மதுரையில் ஒரு கடையில் இருக்கிறது. போடுகிற டாக்டர் காரைக்குடியில். எப்படிக் கொண்டுவருவது?
– வாசகர், காரைக்குடி

ஊசியை ஊருக்குக் கொண்டுவருவதைவிட ஆளை ஊசி இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போவது நல்லது. கடையை ஒட்டிய கிளினிக்கிலேயே போட்டுவிட முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவர், கூட்டிப்போகவே முடியாது என்றால்தான் மற்றது. ஃப்ளூ ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெயில்பட்டுக் கெடுவதைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். நடைமுறையில் அதிகம் நடப்பது இன்னொன்று: பனிக்கட்டியோடு ஒட்டிவைத்து உறைந்துபோவது. ஒருமுறை உறைந்த ஊசியை உருகவைத்தாலும் பயனில்லை, தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே பெட்டிக்குள் வைக்காதீர்கள். வெளியே மேசைமேல் வையுங்கள். மேலே வியர்த்து, உலுக்கினால் உள்ளே தண்ணீர் ஆடும் சத்தம் கேட்க வேண்டும். அந்தப் பதத்தில்தான் அது பூஜ்ய டிகிரிக்குக் கீழே போகாது. தெர்மாகோல் பெட்டியின் ஓரங்களில் ஐஸ் பேக், நடுவில் ஊசி. இரண்டுக்கும் நடுவே மடித்த துணியோ அட்டையோ. ஊசியை அதன் அட்டைப்பெட்டியிலிருந்து எடுக்கக் கூடாது, வெளிச்சம் படக்கூடாது. அந்தப் பெட்டியை ஒரு ஜிப் கவரில் போட்டுவிடுங்கள். நனைந்த பெட்டியில் பேட்ச் நம்பர் அழிந்துவிடும். சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை உள்ளே வைத்தால் சந்தேகமே வேண்டாம். காரில் டேஷ்போர்டுக்கு மேலும் ஏ.சி. துவாரத்துக்கு நேரேயும் வைக்காதீர்கள்.

ஒரு ராத்திரி வீட்டில் வைக்க நேர்ந்தால் ஃப்ரிட்ஜின் நடுத்தட்டு. கதவில் வேண்டாம், ஃப்ரீசரை ஒட்டிய தட்டிலும் வேண்டாம்.

சிலர் ‘குலுக்கிப் பார்த்தால் உறைந்ததா என்று தெரியுமே’ என்பார்கள். அது அலுமினிய உப்பு கலந்த ஊசிகளுக்கான சோதனை. வழக்கமான ஃப்ளூ ஊசியில் அலுமினியம் கிடையாது. உறைந்து கெட்டதும் நல்லதும் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும்.

தேவை அதிகம் என்று தெரிந்தால் கம்பெனிகள் கூடுதலாகத் தயாரித்துவிட வேண்டியதுதானே? வருஷா வருஷம் இதே கதையா?
– வாசகர், நாமக்கல்

நாமக்கல்காரரிடமிருந்து இந்தக் கேள்வி வந்தது பொருத்தம்தான். உலகின் பெரும்பாலான ஃப்ளூ ஊசி இன்றும் கோழிமுட்டையில்தான் தயாராகிறது. பத்து நாள் அளவில் அடைகாத்த கருமுட்டைக்குள் வைரஸைச் செலுத்தி வளர்த்து, எடுத்து, செயலிழக்கச் செய்து, சுத்திகரிக்கிறார்கள். ஒரு வைரஸ் வகையில் ஒரு டோஸுக்குத் தோராயமாக ஒரு முட்டை. மூன்று வகை சேர்ந்த ஊசி என்றால் ஒரு டோஸுக்கு மூன்று முட்டை. அதற்கான கோழிப் பண்ணைகளுக்குப் பல மாதம் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

வைரஸ் ஆண்டுதோறும் உருமாறுவதால் முந்தைய ஆண்டே தயாரித்துக் குவிக்கவும் வழியில்லை. உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் கூடி வட அரைக்கோளக் குளிர்காலத்துக்கும், செப்டம்பரில் கூடித் தென் அரைக்கோளத்துக்கும் எந்தெந்த வகை என்று அறிவிக்கும். அங்கிருந்து ஊசி வெளிவர ஆறு மாதம். இந்தியாவில் கூடுதலாக ஒரு படி: ஹிமாசலப் பிரதேசம் கசௌலியில் உள்ள மத்திய மருந்து ஆய்வகத்தின் சோதனை முடிந்தே பேட்ச் விற்பனைக்கு வரும். அக்டோபரில் கூட்டம் கூடியதும் ‘இன்னும் கொஞ்சம் செய்யுங்கள்’ என்று சொல்லிப் பலனில்லை.

ஒரே ஆலையில் கோளாறு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2004 சாட்சி. அமெரிக்காவுக்கான ஊசியில் ஏறத்தாழ பாதியை இங்கிலாந்தின் லிவர்பூலில் இருந்த கைரான் ஆலை தரவேண்டியிருந்தது. அங்கே சில பேட்ச்சுகளில் செராஷியா என்ற பாக்டீரியா கலந்திருப்பது தெரிந்து, அக்டோபர் 5 அன்று பிரிட்டிஷ் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உரிமத்தை நிறுத்திவைத்தது. ஊசி போடும் பருவம் தொடங்கும் நேரத்தில் பாதிச் சரக்கு போயிற்று. முதியவர்கள் விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்றார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அன்றைக்கே முன்னுரிமைப் பட்டியல் வெளியிட்டது: 6 முதல் 23 மாதக் குழந்தைகள், 65 வயது தாண்டியவர்கள், நாள்பட்ட நோயாளிகள், கர்ப்பிணிகள், முதியோர் இல்லங்களில் இருப்பவர்கள், நோயாளிகளை நேரடியாகத் தொடும் மருத்துவப் பணியாளர்கள், 6 மாதத்துக்குட்பட்ட குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்கள். மற்றவர்கள் விட்டுக்கொடுக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். மேலே கும்பகோணம் வாசகிக்கு நாங்கள் சொன்ன வரிசைக்கும் அடிப்படை இதே தர்க்கம்தான்.

நம் ஊரில் தட்டுப்பாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் இவ்வளவு நாடகமாக இருப்பதில்லை. ஃப்ளூ ஊசி தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை. எவ்வளவு விற்கும் என்று வியாபாரிகள் குத்துமதிப்பாகக் கணக்குப் போட்டுக் குறைவாக எடுக்கிறார்கள். ‘பன்றிக் காய்ச்சலில் ஒருவர் பலி’ என்று பேப்பரில் வந்த மறுநாள் அத்தனை பேரும் தேடிப் போனால் தீராமல் என்ன செய்யும்?

கடையில் ‘2025 தென் அரைக்கோளம்’ என்று போட்ட ஊசிதான் மிச்சம் இருக்கிறது. புதிதாக ‘2025–26 வட அரைக்கோளம்’ வரும் என்கிறார்கள். பழையதைத் தலையில் கட்டப் பார்க்கிறாரா?
– வாசகி, கோயம்புத்தூர்

இல்லை. காலாவதி தேதி தாண்டாமல் இருந்தால் தாராளமாகப் போடுங்கள். முட்டையில் தயாராகும் ஊசிக்கு இந்த இரண்டு பருவங்களிலும் பரிந்துரைத்த வகைகள் அச்சாக ஒன்றேதான்: எச்1என்1-ல் ஏ/விக்டோரியா/4897/2022, எச்3என்2-ல் ஏ/குரோயேஷியா/10136ஆர்வி/2023, பி-யில் பி/ஆஸ்திரியா/1359417/2021. பெட்டியின் பக்கவாட்டில் இந்தப் பெயர்கள் அச்சாகியிருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள். நடுவில் இருப்பது வைரஸ் முதலில் பிரிக்கப்பட்ட இடம், கடைசியில் ஆண்டு.

எப்போதும் இப்படி ஒத்துப்போகாது. 2026 தென் அரைக்கோள ஊசிக்கு ஏ வகைகளான எச்1என்1, எச்3என்2 இரண்டும் மாற்றப்பட்டன. ஏ/மிசௌரி/11/2025, ஏ/சிங்கப்பூர்/ஜிபி20238/2024 என்று அறிவிக்கப்பட்டன. வகை மாறியிருந்தாலும்கூட, நோய் பரவும் காலத்தில் ஆபத்துள்ள ஒருவர் கையில் இருப்பதை விட்டுவிட்டு வராததற்குக் காத்திருப்பது எங்கள் பார்வையில் தவறான கணக்கு. ஊசி வேலை செய்யத் தொடங்கவே இரண்டு வாரம் ஆகும்.

நான்கு வகை ஊசி இல்லை, மூன்று வகைதான் இருக்கிறது என்கிறார் டாக்டர். தரம் குறைந்ததா?
– வாசகர், சேலம்

இல்லை. நான்காவதாக இருந்தது பி/யமகாட்டா. 2020 மார்ச்சுக்குப் பிறகு அந்த வைரஸ் இயற்கையில் பரவுவதாக உறுதிசெய்யப்படவில்லை. அதைச் சேர்க்கத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 செப்டம்பரில் சொல்லிவிட்டது. நான்கு வகை ஊசிக்கு அதிக விலை கொடுத்து அலையாதீர்கள்.

ஒரே ஒரு ஊசி கிடைத்தது. இரட்டைக் குழந்தைகள், ஒன்றரை வயது. பாதிப் பாதியாகப் போடச் சொல்லலாமா? முன்பு சின்னக் குழந்தைக்கு 0.25 மில்லிதான் போடுவார்கள் என்று அக்கா சொல்கிறாள்.
– வாசகி, திருநெல்வேலி

சொல்லாதீர்கள். அக்கா சொல்வது உண்மைதான். மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்குச் சில பிராண்டுகளில் 0.25 மில்லி வழக்கம் இருந்தது. அப்போதும் மீதியைக் கீழே கொட்டித்தான் போடுவார்கள், அடுத்த குழந்தைக்கு அல்ல. நிரப்பி வரும் சிரிஞ்ச் ஒருவருக்கு மட்டும். ஊசிமுனையை மாற்றினாலும் சிரிஞ்சுக்குள் ரத்தம் பின்னேறியிருக்கலாம். இரட்டையராக இருந்தாலும் அது கூடாது. ஒரு குழந்தைக்கு முழுசாகப் போடுங்கள், இன்னொன்றின் பெயரை டாக்டரிடம் பதிந்து வையுங்கள். குறைமாதத்தில் பிறந்ததோ, வீசிங் உள்ளதோ எதுவோ அதற்கு முதலில்.

மகளுக்கு 4 வயது. முதல் டோஸ் போட்டு ஏழு வாரம் ஆயிற்று, இரண்டாவது கிடைக்கவில்லை. மறுபடி முதலிலிருந்தா?
– வாசகர், வேலூர்

வேண்டாம். நான்கு வாரம் என்பது குறைந்தபட்ச இடைவெளி. தாமதமானால் கிடைத்த அன்று போட்டால் போதும், வேறு பிராண்டானாலும் சரி. 9 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதல் முறைதான் இரண்டு டோஸ். பிறகு ஆண்டுக்கு ஒன்று. இந்தப் பருவத்தில் கிடைக்கவே இல்லையென்றால் அடுத்த பருவத்தில் எத்தனை டோஸ் வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள். தடுப்பூசி அட்டையில் தேதியும் பிராண்டும் எழுதச் சொல்லுங்கள்.

ஊசிக்குப் பதில் நிலவேம்புக் குடிநீர் போதுமா?
– பலர்

போதாது. குடிக்க விரும்பினால் சித்த மருத்துவரிடம் கேட்டுக் குடியுங்கள். ஆனால் அது தடுப்பூசிக்கு மாற்று அல்ல.

ஊசி கிடைக்கும்வரை டாமிஃப்ளூ மாத்திரை வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.
– வாசகர், சென்னை

வாங்கிப் பதுக்க வேண்டாம், ஆனால் அவர் சொல்வதில் பாதி சரி. ஊசி கிடைக்காத வீட்டில் இரண்டாவது அரண் அந்த மாத்திரைதான், ஃப்ளூ வைரஸைக் கட்டுப்படுத்தும் ஓசல்டாமிவிர். 2017-க்குப் பிறகு இது சாதாரண மருந்துக்கடைகளிலும் டாக்டர் சீட்டின்பேரில் கிடைக்கிறது. பெரியவர்களுக்கு 75 மி.கி. காலை, இரவு, ஐந்து நாள். குழந்தைக்கு எடைக்கேற்ப. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும், அதனால்தான் டாக்டர் இல்லாமல் தொடங்கக் கூடாது என்கிறோம்.

முக்கியம் நேரம். காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். நம் வழக்கமோ முதல் நாள் பாராசிட்டமால், இரண்டாம் நாள் கடைக்காரர் கொடுத்த ஆன்டிபயாடிக், நான்காம் நாள் டாக்டர். ஆன்டிபயாடிக்குக்கு வைரஸ் கட்டுப்படாது, பொன்னான இரண்டு நாள் போய்விடும். வீட்டில் முதியவர், கர்ப்பிணி, சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோயாளி யாராவது ஊசி போடாமல் இருந்தால், காய்ச்சலும் இருமலும் வந்த முதல் நாளே டாக்டரிடம் ‘ஃப்ளூ ஊசி போடவில்லை’ என்று சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் அவருக்கு உதவும். இந்தப் பிரிவினருக்குப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்காமல் மாத்திரை தொடங்கலாம்.

மூச்சு வாங்குதல், நெஞ்சுவலி, சளியில் ரத்தம், உதடு நீலம்பூத்தல், அரைமயக்கம், ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே, குழந்தை பால் குடிக்க மறுத்தல் – இதில் ஒன்று இருந்தாலும் நேராக மருத்துவமனை. சந்தேகத்துக்கு மருத்துவ உதவி எண் 104.

அட்டையில் போட்ட விலைக்கு மேல் ஐந்நூறு ரூபாய் கேட்கிறார்கள். தட்டுப்பாடு என்றால் சகஜம்தானா?
– வாசகி, ஈரோடு

சகஜமாக்கிவிடாதீர்கள். எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம். ஊசி போடுவதற்கான கட்டணத்தை கிளினிக் தனியாக வாங்கலாம், ஆனால் பில்லில் தனி வரியாக இருக்க வேண்டும். பேட்ச் நம்பருடன் பில் கேளுங்கள், பெட்டியைப் படம் எடுங்கள். தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்தின் கட்டணமில்லா எண் 1800 111 255. பில்லே தர மாட்டேன் என்றால் அந்த ஊசியை விட்டுவிடுங்கள். விலையைவிட, அது எந்த ஃப்ரிட்ஜிலிருந்து வந்தது என்பதுதான் அங்கே பெரிய கேள்வி.

டிசம்பரில்தான் வரும் என்கிறார்கள். மழைக்காலமே முடிந்துவிடுமே, அதற்குப் பிறகு எதற்கு?
– வாசகர், கடலூர்

போடுங்கள். டெல்லி, புனே பக்கம் ஃப்ளூ உச்சம் ஜூலை–செப்டம்பரில். சென்னை, வேலூர் வட்டாரத்தில் வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர்–நவம்பரில். ஆனால் அதோடு நின்றுவிடுவதில்லை, ஜனவரியிலிருந்து மார்ச் வரை இன்னொரு சுற்றும் நாட்டில் வருவதுண்டு. டிசம்பர் ஊசி அதற்கு உதவும்.

அதன் வீரியம் மாதங்கள் போகப்போகக் குறையும் என்பதால் அடுத்த ஐப்பசிக்கு அதை நம்பியிருக்க முடியாது. அடுத்ததை அடுத்த ஆண்டு ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் போட்டுக்கொள்ளுங்கள். அப்போது கடையில் இருப்பது தென் அரைக்கோள ஊசி. ஏப்ரல்–மே வாக்கில் வரத் தொடங்கும் அது அதற்குள் தீரும் நிலைக்கு வந்திருக்கும். ஆகவே ஜூலையிலேயே டாக்டரிடம் எத்தனை பேருக்கு என்று சொல்லி, முன்பணம் கேட்டால் கட்டி, ரசீது வாங்கிவிடுங்கள்.